நெடில், குறில், நெடில், குறில்

டுலூத்தில் ஏப்ரல் என்பது
பனிக்கட்டி மனசு மாறுகிற மாதம்.
ஏரி இன்னும் பாதி வெள்ளை.
மார்லிஸ் ஹாபலா இரவுப்பணி முடித்துக்
கண்ணெரிச்சலோடு கடைக்குள் நுழைகிறாள்.
கோட்டுப் பையில் ஓவர்டைம் காசு,
ஆயிரத்து நானூறு டாலர்.

வெர்ன் ஷோலண்ட் இரண்டையும்
கம்பளத் துண்டின்மேல் இறக்கி வைத்திருக்கிறார்.
இரண்டும் போன வருடம் பிறந்தவை.
இரண்டுக்கும் எழுபது வயது வேஷம்:
விளிம்புப் பட்டையில் தேநீர்க் கறை,
குமிழ்களில் தேய்ந்த பித்தளை,
ஒன்றின் முதுகில் பெல்ட் கொக்கி கீறிய தடம்கூட.
"யாருடைய பெல்ட்?"
"ஃபாக்டரியோட பெல்ட்," என்கிறார் வெர்ன்.

முதலில் ஆரஞ்சு.
உள்ளே எதுவுமில்லை, சுத்தமான வெற்று.
விலா எலும்பில் சாய்த்ததும்
விரல் படுவதற்கு முன்பே
அவள் இருமலுக்கு லேசாக முனகியது.
தடித்த கம்பியைத் தட்டினால்
ஒலி காதுக்கு முன்னால் வயிற்றுக்கு வருகிறது.

மற்றது நடுவில் தேன், ஓரத்தில் கருகல்.
எஃப் வடிவத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.
இருட்டில் குறுக்கே மரக்கால்கள்,
ரயில்பாலத்தை அடியிலிருந்து பார்ப்பதுபோல.
"முட்டுக் கொடுத்திருக்கு. ஊளையிடாது."
முட்டு பற்றி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
பதினொரு வருடமாகக் கால்வாய்ப் பாலத்தைத்
தூக்கி இறக்குகிறவள்.

கம்பிகள் ஏறி நிற்கும் சின்ன மரத்துண்டைத்
தமிழில் குதிரை என்கிறோம்.
மார்லிஸிடம் சொன்னால் சிரிப்பாள்.
அவள் மொழியில் அதற்கும் பாலம்தான்.
குதிரை என்றால் ஏறி எங்காவது போகலாம்.
பாலத்தில் வேலை செய்கிறவள்
போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆம்ப்ளிஃபயரில் செருகி ஒன்றரை மணி நேரம்.
காபி ஆறி, இன்னொன்று வந்து, அதுவும் ஆறியது.
சனிக்கிழமை மதுக்கடை மேடை
இரண்டு மேஜை அகலம்.
ரெய்னோவின் டிரம்ஸ் போக மிச்ச இடத்தில்
ஸ்பீக்கரை உரசிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.
ஆரஞ்சு அங்கே ஊரைக் கூட்டும்.
தெரிந்தும் அதையேதான்
மறுபடி மறுபடி மடியில் எடுத்தாள்.

அப்போது வெளியே தாதுக் கப்பல்.
பாலத்தைத் தூக்கச் சொல்லி
நெடில், குறில், நெடில், குறில்.
பகல்பணிக்காரன் அதே அளவில் பதில் ஊதினான்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
கம்பளத்தின்மேல் கேட்பாரற்றுக் கிடந்த ஆரஞ்சு
தானாகவே, தாழ்ந்த குரலில்,
கப்பலுக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று என்று
இரண்டு தரம் பதில் சொன்னது.
தேன்நிறம் வாயைத் திறக்கவில்லை.

வெர்ன் கல்லாவைத் திறந்தேவிட்டார்.
"இதுக்கு மேல என்ன யோசனை?"

மார்லிஸ் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"கூப்பிட்ட கப்பலுக்கெல்லாம் பதில் சொல்லத்தான்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
வீட்டிலும் அப்படி ஒன்றா?
நான் தொட்டால் பேசட்டும்.
தொடாவிட்டால் என்னோடு சும்மா இருக்கட்டும்."

தேன்நிறத்தைப் பெட்டியில் போட்டார்கள்.
கைப்பிடி அறுந்த பெட்டி, அதற்குப் பத்து டாலர் குறைத்தார்.
ஐஸ் தெருவில் அதைக்
குழந்தைபோல் அல்ல, விறகுபோலக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

ஜூனில் வெர்ன் சொன்னார்:
"ஆரஞ்சு இன்னும் விற்கலை.
நீ ஹாரன் அடிக்கிற ராத்திரியெல்லாம்
மாடியில் படுத்திருக்கிற எனக்குக் கேட்குது."
"கம்பியைத் தளர்த்தி வையுங்கள்."
"வைக்கலாம்," என்றார். வைக்கவில்லை.

அன்று இரவு இரண்டே கால் மணி.
நிலக்கரிக் கப்பல் ஒன்று மூடுபனிக்குள்ளிருந்து கேட்டது.
மார்லிஸ் நெம்புகோலில் கைவைத்தாள்.
நெடில், குறில், நெடில்.
கடைசிக் குறிலை மட்டும்
ஒன்றரை மாத்திரை ஊதினாள்.
பதிவேட்டில் அது ஏறவில்லை.