குமிழ் இறங்கும் வரை

ஓவனில் இடமில்லை.
விடியற்காலை ஐந்து மணியிலிருந்து
ஒன்பது கிலோ வான்கோழி
அதில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
பர்னர் நாலிலும் பாத்திரம்.
நாலாவதில் என்னவென்று மூடியைத் தூக்கினால்
லவோன் திட்டுவாள்.

ஆகவே வெர்லின் ஹ்ருஷ்கா
பிரஷர் குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
துணி துவைக்கும் அறைக்குப் போகிறான்,
வாஷிங் மெஷின் தலைமேல் அதை வைத்து
பிளக்கைச் செருகுகிறான்.

பாகம் பிரித்ததில் வந்தது அது.
நாய் அவளுக்கு. படகு இவனுக்கு.
படகை விற்றுக் கடன் அடைத்தபின்
மிச்சம், குக்கர்.

பதினாறு நன்றிநாளுக்கு
இந்த வீட்டுக்குச் சோளம் கொண்டுவந்தவள் ட்வைலா.
இந்த வருடம் அவள் இல்லை.
யாரும் கேட்கவில்லை,
கேட்காமல் இருப்பதிலேயே எல்லோரும் மும்முரம்.
'சோளம் இல்லாட்டி என்ன, பீன்ஸ் இருக்கே'
என்று போனில் லவோன் சொன்னபோதுதான்
தம்பிக்கு ரோஷம் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே
கண்ணுக்கெட்டிய மட்டும் நெப்ராஸ்கா.
அறுத்த சோளத்தட்டை, மேலே
உப்புத் தூவியதுபோல் பனி.
ஆயிரத்து இருநூறு ஏக்கர்
இவர்கள் குடும்பத்தினுடையது,
அதில் ஒரு மணியை வாயில் போட்டால் பல் போகும்.
மாட்டுக்கும் காருக்கும் போகிற சோளம்.
மனுஷன் தின்கிற சோளம் உறைந்த பையில்,
கடையில், இரண்டு டாலர் சொச்சம்.
கொல்லன் தெருவில் ஊசி விற்கலாம்,
இங்கே விற்கிறார்கள்.

பையைக் கிழித்துக் கொட்டினான்.
முட்டை மூன்று, பால், மஞ்சள் சோளமாவு,
வெண்ணெய் ஒரு கட்டி,
சர்க்கரை கைக்கு வந்தது.
கிண்ணத்துக்கு ஃபாயிலால் வாய் கட்டினான்.
அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், முக்காலி, மேலே கிண்ணம்;
நம் வீட்டு இட்லிக் கணக்குதான்.
காஸ்கெட்டில் மட்டும்
போன மாதம் வைத்த மிளகாய்க் கறியின் வாசம்,
எத்தனை கழுவியும்.

மூன்று விசில் என்று நாம் சொல்லி முடித்துவிடுவோம்.
இந்தக் குக்கர் ஊமை.
எண்கள் இறங்கும், பூஜ்யம் ஆகும்,
மறுபடி ஒன்றிலிருந்து ஏறும்.
மூடியில் பட்டாணி அளவு உலோகக் குமிழ்
உள்ளே இன்னும் ஆறவில்லை என்று
தலைதூக்கி நிற்கும்.

ஆவியைத் தட்டிவிட
கரண்டிக்காம்பை ஓங்கியவன்
என்ன நினைத்தானோ,
போனை எடுத்தான்.

'தட்டிவிடணுமா, தானா அடங்கணுமா?'
ஹலோகூட இல்லை.
அந்தப் பக்கம் நாய் குரைத்தது.
'கைவைக்காதே. நடு குழிஞ்சிடும்.
தானா அடங்கட்டும்.'
'எவ்வளவு நேரம்?'
'பதினஞ்சு நிமிஷம். சில நாள் இருபது.'

வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை.
சோப்புத்தூள் டப்பாமேல்
போனைச் சாய்த்து நிறுத்தினான்.
அங்கே ஒரு தட்டு வைக்கும் சத்தம்,
அடுத்த தட்டுக்குக் காது கொடுத்தான்,
வரவில்லை.
அக்கா மகன் கோல்பி தலை நீட்டி
'யாரு போன்ல?' என்றான்.
'சோளம் வேகுது, போ.'

'சர்க்கரை எவ்வளவு போட்டே?'
'கைக்கு வந்தது.'
'ம்.'
பதினாறு வருடம் கேட்ட 'ம்'.
திட்டா சிரிப்பா என்று
இன்றைக்கும் பிடிபடவில்லை.

பதினெட்டாம் நிமிடம்,
டிக்.
சட்டைப் பொத்தான் தரையில் விழுந்தால்
அவ்வளவு சத்தம்.

'விழுந்துடுச்சா?'
'விழுந்துடுச்சு.'
'சரி.'
போனில் வெளிச்சம் அணைந்தது.

நடுவில் கொஞ்சம் ஈரம்.
ஓரத்தில் லேசாய் மிளகாய்க் கறி.
லவோன் வாய் திறக்காமல்
இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

இந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டேதான் நன்றி சொல்வார்கள்.
மேசையைச் சுற்றி வந்தது முறை:
ஜூலை மழைக்கு ஒருவர்,
முழங்கால் ஆபரேஷனுக்கு ஒருவர்,
டீசல் விலைக்கு யாருமில்லை.
வெர்லினிடம் வந்து நின்றது.

எல்லோரும் பார்த்தார்கள்.

'அந்தச் சோளத்தை
இந்தப் பக்கம் தள்ளுங்க' என்றான்.