விழுங்கியபின் ஒரு சொல்

பீட்டர்ஹெட்டில் கடல்மூட்டம் ஏறும் காலைகளில்
எங்கள் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை மட்டும்
தெருவில் தனியாக மிதக்கும்.
அதன் கீழே நின்றிருந்தாள் ஐல்சா.
மூன்றாம் ஆண்டு. ஆறு வாரப் பயிற்சி.
பையில் செங்கல் கனத்துக்கு மருந்தியல் புத்தகம்.
வாங்கி, தானே சாத்திக்கொள்ளும் பின்கதவுக்கு
முட்டுக் கொடுத்தேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை.

முதல் வாரம் முழுக்க மாத்திரைப் பெட்டிகள்.
ஏழு நாள், நான்கு வேளை, இருபத்தெட்டுக் குழி.
நிரப்பும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பாதே என்றேன்,
நான் கூப்பிட்டாலும்.
வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே கூப்பிட்டேன்.
திரும்பினாள்.
கொட்டிவிட்டு மறுபடி திங்கள் காலையிலிருந்து.
அன்று என்னை அவள் வெறுத்திருப்பாள்,
நியாயம்தான்.

பத்தே காலுக்கு ஃப்ரேசர் புக்கன் வருவார்.
அறுபத்தைந்து மில்லி மெத்தடோன்,
இருமல் மருந்தின் பச்சை.
அலமாரி அகலமுள்ள அறையில்
நம் கண்முன்னே குடிக்க வேண்டும்,
மேலே ஒரு வாய் தண்ணீர்,
பிறகு ஏதாவது பேச வேண்டும்.
வாயில் ஒதுக்கியவனால் பேச முடியாது.
‘ம்’ போதாது என்று சொல்லிக்கொடுத்தேன்.
‘ம்’ உதடு மூடியே வரும் எழுத்து,
வாய் நிறைய வைத்துக்கொண்டும் சொல்லலாம்.

எட்டு வருடமாய் நான் கேட்டது: “சரிதானே, ஃப்ரேசர்?”
எட்டு வருடமாய் அவர் சொன்னது: “சரி, மொராக்.”
வாசல் மணி அடங்குமுன் போய்விடுவார்.

ஐல்சாவின் முறை வந்தது.
கோப்பையை வாங்கிக்கொண்டு,
எந்தக் கையேட்டிலும் இல்லாததைக் கேட்டாள்:
“படகில் இருந்தப்போ எந்த மீனைப் பார்த்தாலே உங்களுக்கு ஆகாது?”

அவர் யோசித்தார்.
பின்னால் வரிசை நீண்டது, யாரோ இருமினார்கள்,
குழந்தை ஒன்று எடைபார்க்கும் இயந்திரத்தில் குதித்தது.
“மங்க் மீன்,” என்றார். “அச்சு அசல் என் மச்சான் மூஞ்சி.”
சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.
கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை,
அதுவரை எனக்குத் தெரியாது.

நான்காம் வார வியாழன்.
இன்னும் முந்நூறு சீட்டுகள், ஓயாத தொலைபேசி,
வேகத்தில் கையெழுத்திட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
ஒரு பை மட்டும் திரும்பி வந்தது.
அவள் அதை என் முழங்கையருகே வைத்தாள்,
தூங்கும் பூனையை இறக்கிவைப்பது போல.
“திருமதி ஸ்ட்ராகனுடைய மெத்தோட்ரெக்ஸேட்…
வாரத்துக்கு ஒருமுறைதானே?”

லேபிளில் தினமும் என்றிருந்தது.
கீழே என் கையெழுத்து, அழகாக, வால் சுழித்து.

திருமதி ஸ்ட்ராகன் சொன்னபடி செய்பவர்.
தினமும் என்றால் தினமும் விழுங்குவார்,
வாய் புண்ணாகும், ரத்தம் வற்றும்,
அப்போதும் என்னைக் குறைசொல்ல மாட்டார்.
மேல்தட்டுக்கு ஏறும் சின்ன முக்காலியில்
நான் உட்கார்ந்துவிட்டேன்.
ஐல்சா வரிசையைப் பார்த்துச் சொன்னாள்,
“ரெண்டு நிமிஷம் பொறுங்க.”
யாரும் முணுமுணுக்கவில்லை.

பிழைப் பதிவேட்டை எடுத்து
அவளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி
என் பெயரை எழுதினேன்.
பாதியில் மை நின்றது.
தன் பேனாவைக் கொடுத்தாள்.

பல்கலைக்கழகப் படிவம் ஒன்றிலிருந்து ஐந்துவரை கேட்கிறது:
நேரந்தவறாமை, கவனம், தொடர்புத் திறன்.
எல்லாவற்றுக்கும் நான்கு போட்டேன்.
ஐந்து போட்டால் என்னைச் சந்தேகப்படுவார்கள்.
கதவிடுக்கிலிருந்து புத்தகத்தை உருவினாள்,
அட்டையில் காலணித் தடம்.
அப்போது சிரித்தாள்.

திங்கட்கிழமை, பத்தே கால்.
ஃப்ரேசர் குடித்தார், தண்ணீர் குடித்தார்.
“சரிதானே?” என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை, போகவும் இல்லை,
காலிக் கோப்பையோடு
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
கேட்க ஒன்றைத் தேடினேன்.
வெளியே கடற்காக்கைகள் எதற்கோ அடித்துக்கொண்டன.
“உங்கள் மச்சான்,” என்றேன், “எப்படி இருக்கிறார்?”

“செத்துப்போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு,” என்றார் ஃப்ரேசர்.
“ரெண்டு பேரும் ஒரே படகு.”

ஒவ்வொரு சொல்லுக்கும் வாய் நன்றாகத் திறந்தது.
அறுபத்தைந்து மில்லி, முழுவதும் உள்ளே.
பதிவில் நேரம் எழுதினேன்,
பிறகு இன்னொரு நாற்காலியை
அந்தச் சின்ன அறைக்குள் இழுத்தேன்.