ஒன்றரை அடி

துரை பங்களாவுக்கு எத்தனை சன்னல் என்று
லயத்தில் யாரும் எண்ணியதில்லை.
மேட்டில் இருந்தது அது,
மழை இருக்கிற மாதிரி.

தோட்டம் விலைபோய்த் தாமான் வந்தது.
நாற்பத்தெட்டு வீடு, ஒரே அச்சு.
நாங்கள்தான் அப்படிக் கேட்டோம்.
தண்டல் மகன் குப்புராஜும் நானும்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சீட்டு எடுத்தோம்.
அன்றைக்கு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

பதினேழாம் நம்பர் பவுனம்மா
வாசல் கூரையை ஒன்றரை அடி இழுத்துவிட்டாள்.
எனக்குத் தூக்கம் போயிற்று.
முப்பது வருஷம் பெரட்டில் நின்று
கிராணியிடம் ஏச்சு வாங்கியபோதெல்லாம்
எங்கே படுத்திருந்ததோ
இந்தக் கோபம்.

டேப் வாங்கி அளந்தேன்.
நகராண்மைக் கழகத்துக்கு எழுதினேன்,
மலாயில், மூன்று பிரதி.
வந்தார்கள். அறுத்தார்கள்.

இப்போது வெயில்
இரண்டு வாசலிலும் சரிசமமாய் அடிக்கிறது.
அவள் துணியை உள்ளேயே காயப்போடுகிறாள்.
தீபாவளிக்கு முறுக்கு வரவில்லை.

நாளைக்கே மறுபடி சீட்டுக் குலுக்கினாலும்
இதையேதான் கேட்பேன்: ஒரே அச்சு,
ஓர் அங்குலம் யாருக்கும் கூட வேண்டாம்.
மேட்டு பங்களாவில் புல் முளைத்து
ஓடு சரிந்து கிடக்கிறது.
இன்றுவரை அதை அளக்கத் தோன்றியதில்லை.

நாற்பதாம் நம்பர் முன்னால் லாரி நிற்கிறது.
புதுக் கேட் இறக்குகிறார்கள்.

என்ன உயரம் இருக்கும்?