ஈய எழுத்து

கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில்
மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி
இறக்கத்தில் இருக்கிறது என் அறை.
ஐப்பசியில் சுவர் வியர்க்கும்.
நடுப்பகலிலும் டியூப் லைட்.

ஸ்வெட்டரைக் கழட்டுங்க.
அதுக்குள்ள இருக்கிற ஸ்வெட்டரையும்.
தாயத்து, ஊக்கு, சட்டைப்பையில் பீடிக்கட்டு, எல்லாம் இந்த டிரேயில்.
தாடையை மேலே வைங்க.
கை ரெண்டும் இடுப்பில், முழங்கை முன்னால்.
அப்போதுதான் தோள்பட்டை எலும்புகள்
பீரோக் கதவுபோல விலகி
நுரையீரலைக் காட்டும்.
மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க.

ஒருமுறை, கரண்ட் போன பதற்றத்தில்
விடச் சொல்ல மறந்துவிட்டேன்.
இருட்டில் ஓர் அம்மா
நான் சொன்னதைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

மருதை. அறுபத்து நாலு. சோலூர்மட்டம்.
மூன்று வாரமாக இருமல்.
இலைமூட்டை ஏறிய வலத்தோளில்
தசை கல்லாக இறுகியிருந்தது.
தசையைக் கதிர் மதிப்பதில்லை,
மேகத்துக்குள் பஸ் போவதுபோல் போய்விடும்.
எலும்பிடம் மட்டும்தான் நின்று பேசும்.

திரையில் எண்ணினேன்.
முதுகுப்பக்க விலா பத்து தெரிந்தது.
நல்ல மூச்சு.
நுரையீரல் ரெண்டும் கறுப்பாக, சுத்தமாக;
கீழே மட்டும் கொஞ்சம் புகைமூட்டம்.
இதயம்
ஈய எழுத்தின் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

என் தப்புதான்.
வலப்பக்கம் எது என்று சொல்ல
கேசட்டில் ஒட்டும் எழுத்து அது,
நகமளவு ஓர் 'ஆர்'.
பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு தடவை
இடம் மாற்றி ஒட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன்.
அண்ணே, இன்னொரு தரம்.

இன்னொரு தரமும் அங்கேயேதான்.

படத்தில் வலது காரை எலும்பு
நடுவில் முடிச்சுப் போட்டதுபோல் தடித்திருந்தது.
எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டேன்.
வலதில் முடிச்சு.
"லாரியில இருந்து விழுந்தது, எம்பத்தஞ்சுல" என்றார்.
அப்படியென்றால் எழுத்து பொய் சொல்லவில்லை.
கல்லீரல் இடப்பக்கம் உதரவிதானத்தை முட்டித் தூக்க,
இரைப்பையின் காற்றுக்குமிழ் வலப்பக்கம் மிதக்க,
அறுபத்து நாலு வருஷமாக
ஒரு மனிதர் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் இருந்திருக்கிறார்.

சொன்னேன்.
அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து
விரலால் தொட்டுக் காட்டினேன்.

"மேடு ஏறினா இங்கதான் அடிக்கும்.
எல்லாருக்கும் இங்கதானே அடிக்கும்?"

பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
பொத்தான் போட்டுக்கொண்டே:
"மண்டபம் முகாமுல டாக்டர் குழாயை வச்சாரு.
இங்க வச்சாரு, அங்க வச்சாரு, என் மூஞ்சியப் பாத்தாரு.
பின்னால வரிசை கப்பல் வரைக்கும் நிக்குது.
முத்திரையக் குத்திட்டாரு."

இன்னொரு பொத்தான்.
"அன்னக்கொடிக்குத் தெரியும் போல.
எப்பவும் இந்தப் பக்கம்தான் படுப்பா.
அந்தப் பக்கம் ஊமையா இருக்குன்னு சொல்லுவா.
நான் கிண்டல்னு நினைச்சேன்."

டாக்டர் நூர்நிஷா சளிக்கு மாத்திரை எழுதினார்.
மற்றதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை என்றார்;
நாளைக்கு யாராவது வயிற்றைக் கீறவேண்டி வந்தால்
இந்தப் படத்தை முதலில் காட்டச் சொன்னார்.
பிலிம் தீர்ந்துகொண்டிருந்தது. இருந்தும் ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு முன்னால்
ஜன்னல் வெளிச்சத்தில் அவர் அதைத் தூக்கிப் பிடித்திருந்தார்.
வெளியே பனி வெள்ளையாக அடைத்து நின்றது,
என் பார்வைப்பெட்டியைவிட நல்ல வெள்ளை.
படத்தைப் புரட்டினார்.
"இப்படிப் பாத்தா எல்லார மாதிரியும் இருக்கு, பாருங்கம்மா."

ஆமாம்.
இதயம் இடப்பக்கம், இரைப்பை அதன் இடத்தில்.
எழுத்து ஒன்றுதான் திரும்பி நின்றது.
அவருக்கு அது படிக்கத் தெரியாது.

திரும்பவும் புரட்டி,
உள்ஸ்வெட்டருக்குள் சொருகிக்கொண்டு போனார்.
தாயத்து டிரேயிலேயே கிடக்கிறது.