இரண்டு விரற்கடை

முதுகில் ஊசி போட்டார்களா என்றுதான்
எல்லோரும் முதலில் கேட்டார்கள்.
போட்டார்கள், ஜெரோம் பிறந்தபோது.
அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வலி அவனுக்கு நாலு வருஷம் மூத்தது
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தண்டையார்பேட்டை எலும்பு டாக்டர்
படத்தை விளக்கில் மாட்டி
ஒன்றுமில்லையே என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.
மின்ட் பக்கத்து நரம்பு டாக்டர்
காலில் குத்திக் குத்தி
தெரியுதா, தெரியுதா என்றார்.
தெரிந்தது.
வண்ணாரப்பேட்டையில் பெல்ட் விற்றவர்
ஜாக்கெட் தைப்பவர்போல இடுப்பை அளந்தார்.
ராயபுரத்தில் கர்ப்பப்பை பார்த்தவர்
அது நன்றாக இருப்பதாக எழுதித் தந்தார்.
நன்றாக இருப்பவற்றின் காகிதங்களே
ஒரு ஜவுளிக்கடைப் பை நிறைய.

நாத்தனார் டெல்பின் சொன்னாள்:
"ஒனக்கு வலி இல்ல அண்ணி,
வேலைக்குப் போக வணங்கல."

காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன்.
பார் எண்ண நூறு தடவை எழுந்து ஓட வேண்டும்.
ஓடுகிற நாளில் வலி குறைவு.
ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை.
இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ராத்திரி மூன்று மணிக்குப்
படுக்கை என்னை வெளியே தள்ளும்.
உப்புக்காற்றில் துருவேறிய தாழ்ப்பாள்
மாதிரி இடுப்பு.
சுவரைப் பிடித்து எழுந்து
ஹவுசிங் போர்டு வராந்தாவில் நடப்பேன்.
பதினோரு வாசல், பதினோரு குடம்.
திரும்பினால் மறுபடி பதினொன்று.
எர்னஸ்ட் கடலுக்குப் போன ராத்திரிகளில்
கிளம்புகிற படகுகளின் சத்தம்
கூடவே நடக்கும்.
நடக்க நடக்கத் துரு உதிரும்.
ஏழு மணிக்கு நான் எல்லோரையும்போல இருப்பேன்.
டாக்டர்கள் என்னைப் பார்த்ததெல்லாம்
காலை பதினோரு மணிக்குமேல்.

பிறகு ஒரு பங்குனியில் கண் சிவந்தது.
மெட்ராஸ் ஐ என்று
தன் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தாள் டெல்பின்.
ஒரு கண் மட்டும்.
டியூப்லைட்டே ஆணியாகக் குத்தியது.

கண் டாக்டர் ஷமீமாவுக்கு என்னைவிட வயது குறைவு.
கருவியில் தாடையை வைக்கச் சொன்னார்.
குனிந்தேன்.
நான் குனிந்த விதத்தில் எதையோ பார்த்திருக்கிறார்.
கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தபடியே கேட்டார்:
"காலைல எழுந்திருக்கும்போது
இடுப்பு பிடிச்சிக்குமா?
நடந்தா விட்டுடுமா?"

பத்து வருஷம்.
கேள்வி கண்ணாஸ்பத்திரியில் இருந்திருக்கிறது.

நான் அழுதேன்.
சொட்டு மருந்து வழிகிறதென்று
பஞ்சு கொடுத்தாள் நர்ஸ்.

சீட்டில் எழுதியிருந்த பிரிவின் பெயர்
ஷேர் ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை.
பெரியாஸ்பத்திரியில் மூன்று பேர்
மூன்று பக்கம் கை காட்டினார்கள்.
கடைசியில் அது இருந்தது
எலும்புப் பிரிவுக்கு நேர் எதிர்க்கதவு.
அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு
எத்தனை காலைகள் வரிசையில் நின்றிருக்கிறேன்.

உள்ளே பெஞ்சுகள் காலி.
டோக்கன் வைத்திருந்தவர்கள் எல்லோரும்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
நடந்துகொண்டிருந்தார்கள்.
ஒரு போர்ட்டர், ஒரு கல்லூரிப் பையன்,
மணலியிலிருந்து வந்த ஒரு டீச்சர்.
யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.
நானும் நடந்தேன்.

குதிகாலைச் சுவரில் ஒட்டி நில்லுங்க என்றார்கள்.
நின்றேன்.
தலையை ஒட்டுங்க என்றார்கள்.
ஒட்டவில்லை.
சுவருக்கும் பின்மண்டைக்கும் நடுவே
இரண்டு விரற்கடை.
ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டார்கள்.
ரத்தம் பார்க்கணும், வேற ஸ்கேன் எடுக்கணும்,
முழுசா சரியாகாது, ஆனா பிடிச்சி நிறுத்தலாம்.

நன்றாக இல்லை என்று சொல்லும்
முதல் காகிதம்.
பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

எர்னஸ்டின் படகு வரப் பத்து நாள் ஆகும்.
அன்றைக்கும் மூன்று மணிக்கு எழுந்தேன்.
பதினோரு குடம்.
திரும்பும்போது நாலாவது குடத்தருகே
நோயின் பெயரைச்
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
பாதிதான் வந்தது.