மூன்றாம் மேடு

மேலே கைவைத்தால் ஒன்றுமில்லை.
அரைத்த கொப்பும் புல்லும் தென்னோலையும்
ஈரமாய், அப்பாவிபோலக் கிடக்கும்.
கம்பியை ஒரு முழம் இறக்கினால் ஐம்பத்தெட்டு.
பிடிவரைக்கும் இறக்கினால் எழுபத்தாறு.
கொப்பியில் எழுதினேன்.
எழுதும்போது விரல் சுடவில்லை.

சித்திரை முடிய வாழைச்சேனை முழுக்க மரம் தறித்தார்கள்,
மின்கம்பிக்குக் கீழே நின்ற வேம்பு,
பள்ளிக்கூடத்து வாகை, யாரோ வீட்டுக் கடதாசிப்பூ.
பெட்டி பெட்டியாய் வந்து கொட்டுண்டது.
'பத்தடிக்கு மேல் குவிக்க வேண்டாம்,
பெக்கோ திரும்ப இடம் விடவும்'
என்றொரு பலகை இருந்தது.
பலகையும் இப்போது மேட்டுக்குள்.

பிறகு கச்சான் தொடங்கிற்று.

இரவு இரண்டு மணிக்கு முதலில் வாசம்.
சீனி தீய்ந்த சட்டியின் வாசம்.
பிறகு நூலளவு புகை.
புஸ்பராணி வாளியோடு ஓடினாள், மறித்தேன்:
மேலே ஊற்றும் தண்ணி மேலாலே வழிந்துபோகும்.
நடுவில் கிண்டினால் காற்றுப் புகுந்து கண்விழிக்கும்.
கிண்டாமல் விட்டால்
விடியமுன் அதுவாய் விழிக்கும்.

இர்பாத் சாரத்தோடு வந்து பெக்கோவில் ஏறினான்.
ஓரத்திலிருந்து கடித்துக் கடித்து எடுத்தான்.
ஒரு வாய் அள்ளு, பரப்பு, நனை.
ஒரு வாய் அள்ளு, பரப்பு,
கிணற்றுப் பம்பு இருமி நின்றது.

இருபது யார் தள்ளி வாவி.
'உப்புத் தண்ணி, பசளை முழுக்கப் பழுதாகிடும்'
என்றான் இர்பாத்.
பழுதாகட்டும் என்றேன்.
அந்தச் சொல்லில்தான் அணைந்தது அது,
ஒரு வருசப் பசளையோடு.

மட்டக்களப்பிலிருந்து பவுசர் வந்து சேர
விடிந்திருந்தது.
அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம்.

பத்து மணிக்கு விசாரணை.
யார் வைத்தது?
பீடியா? கோபதாபமா? எந்தப் பக்கத்து ஆள்?
தானாகப் பற்றினது, ஐயா.
அவர் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.
அவரில் பிழையில்லை.
இந்தக் கரையில் கடைகள் எரிந்தபோதும்
வீடுகள் எரிந்தபோதும்
தானாக என்றுதான் எழுதினார்கள்.
ஒரு முறை அது உண்மையாய் நடந்தால்
நம்ப ஆளில்லை.

கொப்பியை நீட்டினேன்.
திங்கள் அறுபத்திரண்டு.
செவ்வாய் அறுபத்தெட்டு, சொல்லப்பட்டது.
புதன் எழுபத்தொன்று, சொல்லப்பட்டது.
வியாழன் எழுபத்தாறு, சொல்லப்பட்டது.
யாரிடம் என்று கேட்டார்.
அதற்குக் கொப்பியில் கட்டம் இல்லை.

நாலாம் மேட்டில்
இன்று அறுபத்துநாலு.