பூட்டிய வீட்டின் கணக்கு

ஆண்டுக்கொரு முறை, அக்டோபரில்,
தண்ணீர் மீட்டர் பார்க்க மலையேறுகிறேன்.
வெள்ளை வேன். கொர்சிகாவின் இந்தப் பக்கத்தில்
அது இரண்டாம் கியரைத் தாண்டியதே இல்லை.

முதல் வளைவிலேயே பன்றிகள்.
யாருடையவை என்று காதில் உள்ள வெட்டு சொல்லும்,
எனக்கு அந்த எழுத்து தெரியாது.
ஹாரன் அடித்தால் ஒன்று மட்டும் நிமிர்ந்து
வரி பாக்கி வைத்தவனைப் போல என்னைப் பார்க்கும்,
பிறகு செஸ்ட்நட் பொறுக்கப் போய்விடும்.

ஊர்ப்பலகையில் பதினாறு தோட்டாத் துளைகள்.
போன வருடம் பதினொன்று.
பிரெஞ்சில் எழுதிய பெயரின் வாலை
யாரோ கறுப்புப் பெயிண்டால் அழித்து
எங்கள் வாய்க்கு ஏற்றபடி முடித்திருக்கிறார்கள்:
கஸ்தல்மோரு.

நாற்பத்தோரு வீடு. புகை எழுவது ஆறில்.
மற்ற சாவிகள் மார்செய்யில், நீஸில்,
ஒன்று மட்டும் போர்ட்டோ ரிக்கோவில்.
ஆகஸ்டில் வருவார்கள். ஜன்னல்களை அறைந்து திறந்து
இரண்டு வாரம் உரக்கப் பேசிவிட்டுப் போவார்கள்.
அவர்கள் குளித்ததெல்லாம் என் நோட்டில் இருக்கிறது.
யார் வீட்டில் தொட்டில் ஆடியது,
யார் இந்த முறை தனியாக வந்தது,
கனமீட்டரில் சொல்லிவிடுவேன்.

மீட்டர் தரைக்குள், இரும்பு மூடிக்கு அடியில்.
பாதிரியாரே மாதத்துக்கொரு தடவை எட்டிப் பார்க்கிற ஊரில்
அதிகம் மண்டியிடுகிறவள் நீதான் லிஸாந்த்ரா என்பான்
சவேரியு. ஒவ்வொரு வருடமும் அதே சிரிப்பு.
மூடியைத் தூக்கினால், கண்ணாடி மேல்,
கறுப்புத் தோலில் மஞ்சள் தெறித்த ஒரு சாலமண்டர்.
விரலால் நகர்த்தினால்தான் எண் தெரியும்.
குளிர்ந்த, ஈரமான, கோபமே இல்லாத உடம்பு.

முராச்சோலி வீட்டுக்கு ஏழு வாரிசு.
பங்கு பிரியாமல் பன்னிரண்டு வருடமாய்ப் பூட்டு.
பன்னிரண்டு வருடமாய் அதே எண்: முந்நூற்றுப் பன்னிரண்டு.
பார்க்காமலே எழுதிவிடலாம்.
போன அக்டோபரில், ஏனோ, பார்த்தேன்.
முந்நூற்று நாற்பத்தொன்பது.
சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் போனேன்.
உடைந்த ஜன்னல் வழியே ஒரு பச்சைக் குழாய்
மூன்று படிக்கட்டு வயல் இறங்கி,
கல்சுவரைத் தாண்டி, முட்புதருக்குள் நுழைந்து,
முடிந்த இடத்தில்
டால்பின் படம் போட்ட குழந்தைகள் குளம்.
காற்றடித்த, நீலமான, பிளாஸ்டிக் குளம்.
அதில் நிறைமாதப் பன்றியொன்று
கண்மூடி, கடலோர ஹோட்டல்காரிபோல் கிடந்தது.

'வெயில் அப்படி' என்றான் சவேரியு.
'அவளுக்கு மூச்சு வாங்கியது.'
கொஞ்சம் பொறுத்து, 'நீ எதையும் பார்க்கவில்லை.'
உப்பில் ஊறி உலர்ந்த பன்றித்தொடையில் பாதியை
செய்தித்தாளில் சுற்றி வேனில் வைத்தான்.

இந்த எண்ணை எழுதினால்
ஏழு முகவரிக்கு ஏழு கடிதம் போகும்.
ஏழு பேரும் மற்ற ஆறு பேரைச் சந்தேகிப்பார்கள்:
எவனோ திருட்டுத்தனமாய் வந்து தங்கியிருக்கிறான்,
நம் அம்மாவின் குழாயில் குளித்திருக்கிறான்.
எழுதாவிட்டால் ஒன்றும் நடக்காது.
இந்த மலையில் அதுதான் வழக்கமாய் நடப்பது.

தொடையையும் எடுத்துக்கொண்டேன்.
எண்ணையும் சரியாகவே எழுதினேன்.
இரண்டுக்கும் இன்றுவரை வெட்கப்படவில்லை,
முதலாவது அவ்வளவு ருசி.

கணவாயில் மேகம் விலகியபோது
கீழே கடல், கடலில் எல்பா,
பக்கத்து வீட்டுக் கூரைபோல அவ்வளவு கிட்டத்தில்.
அதற்கு மீட்டர் கிடையாது. இறங்கிவிட்டேன்.

இந்த அக்டோபர்.
முராச்சோலி வாசலில் மார்செய் வண்டியொன்று,
பாஸ்தியா வண்டியொன்று,
வழியை விடாமல் மூக்கோடு மூக்கு.
உள்ளே இரண்டு பெண்கள், ஒரே நேரத்தில்.
ஒருத்தி கையில் துடைப்பம், ஒருத்தி கையில் என் ரசீது.
புகைபோக்கியில் குருவிக்கூடு எரிகிற வாசனை.
'முப்பத்தேழு கனமீட்டர்!' என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.
'நீயே சொல், யார் குளித்தது?'

சுவருக்கு அந்தப்பக்கம் சவேரியு
வேலியைச் சரிசெய்கிறவன்போல்
ஒரே கம்பத்தை மூன்றாம் தடவை தட்டினான்.

நான் மண்டியிட்டேன். மூடியைத் தூக்கினேன்.
சாலமண்டரைக் காணோம்.
சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
'காபி போடுகிறோம், இரு' என்றாள் துடைப்பக்காரி.